57-ஆவது மாடியில் ஒரு சாயங்காலம்

மொட்டை மாடி என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? வடாம் பிழிந்து காயப் போடுகிற இடம். காக்காய் விரட்ட ஒரு குழந்தை, கையில் ஒரு குச்சி. கோடை இரவில் பாய் விரித்து, கையில் பிசைந்து போட்ட நிலாச் சோறு. பக்கத்து வீட்டு மாமியிடம் கைப்பிடிச் சுவர் வழியாக வாங்கிய ஒரு கரண்டி உறைமோர்.

அந்த மொட்டை மாடியை அப்படியே பெயர்த்து, ஆகாயத்தில் 200 மீட்டர் உயரத்தில் வைத்துப் பாருங்கள். அதன் மேல் மரங்களை நடுங்கள். ஒரு நீச்சல் குளத்தை வெட்டுங்கள். நாலா பக்கமும் ஊர் விளக்குகள் மின்னட்டும். பிறகு அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்து, நுரை பொங்கும் ஷாம்பேன் அருந்துவதற்கு, ஒரு கிண்ணத்துக்கு நம் பணத்தில் இரண்டாயிரம் ரூபாயை நெருங்கும் விலை வையுங்கள். யார் வருவார்கள் என்கிறீர்களா? உலகமே வருகிறது, சகோதரிகளே! வரிசையில் நின்று வருகிறது.

சிங்கப்பூரில் மரீனா பே சாண்ட்ஸ் ஹோட்டலின் உச்சியில் இருக்கும் அந்த ஆகாயத் தோட்டத்துக்குத்தான் இந்த வாரம் உங்களை அழைத்துப் போகிறேன். பயப்பட வேண்டாம். யாரையும் குடிக்கச் சொல்ல மாட்டேன். பார்க்கத்தான் கூப்பிடுகிறேன்.

மூன்று தூண், ஒரு படகு

மோஷே சாப்டி என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த இந்த ஹோட்டல் 2010-இல் திறக்கப்பட்டது. 55 மாடிகள் கொண்ட மூன்று கோபுரங்கள். அந்த மூன்றின் தலையிலும் சேர்ந்தாற்போல் சுமத்தி வைத்த ஒரு நீண்ட தோட்டம். அதன் நீளம் 340 மீட்டர். பாரிஸ் நகரத்து ஈபில் கோபுரத்தைப் படுக்க வைத்தால்கூட இதைவிடக் கொஞ்சம் குட்டைதான். ஒரு முனை, கோபுரத்தைத் தாண்டி அறுபது மீட்டருக்கு மேல் அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கிறது. கீழே தூண் கிடையாது, முட்டுக் கிடையாது. இரும்புத் துண்டங்களாகத் தரையில் செய்து, பதினான்கு பகுதிகளாக மேலே தூக்கி இணைத்தார்களாம்.

சென்னை மௌண்ட் ரோடில் 1959-இல் எல்.ஐ.சி. கட்டடம் எழுந்தபோது, பதினான்கு மாடியா என்று ஊரே அண்ணாந்து பார்த்தது. அப்போது இந்தியாவிலேயே உயரமான கட்டடம் அது. அதைப்போல் ஏறக்குறைய நான்கு கட்டடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் இந்தத் தோட்டத்தின் உயரம் வரும்.

இந்தக் கட்டடத்தை எனக்கு முதலில் காட்டியவர் சிங்கப்பூர்க்காரர் அல்ல. பழவேற்காடு ஏரியை அண்டிய நம் காட்டூரில் இறால் தரம் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா. வேறொரு கட்டுரைக்காக நான் அங்கே போயிருந்தபோது, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். அவருடைய மகன் சிங்கப்பூரில் கட்டட வேலை செய்கிறான். படத்தில் அவன் சிரித்துக்கொண்டு நிற்கிறான். முதுகுக்குப் பின்னால், தண்ணீருக்கு அப்புறம், இந்த ஹோட்டல்.

“மூணு தூணு மேலே ஒரு படகைத் தூக்கி வச்சிருக்கான் பாரு கண்ணு! இதை எப்படித் தண்ணியிலே இறக்குவான்?” என்றார்.

படகிலேயே பிறந்து வளர்ந்தவர் வேறு எதைக் காண்பார்? உண்மையும் அதுதான். அந்தத் தோட்டம் ஒரு பெரிய படகைப் போலத்தான் இருக்கிறது.

“உங்க பிள்ளை மேலே ஏறிப் பார்த்தாராமா, பெரியம்மா?”

“ஏறலையாம். மேலே போவ துட்டு கேக்குறானாம். அந்தத் துட்டை ஊருக்கு அனுப்பினா வலைக்கு ஆவும்னுட்டான்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “அத்தினி உசரத்திலேருந்து பார்த்தா நம்ம ஏரி தெரியுமா?” என்று கேட்டார்.

நான் சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடிய கேள்வியாக அது எனக்குப் படவில்லை. பதிலுக்குப் பிறகு வருகிறேன்.

மேலே போவோம்

சிங்கப்பூரில் என் சித்தி மகள் குடித்தனம் செய்கிறாள். அவளும் அவள் கணவரும் நானுமாக ஒரு சாயங்காலம் புறப்பட்டோம்.

மேலே போக வழிகள் பல உண்டு. ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு நீச்சல் குளம். 150 மீட்டர் நீளமுள்ள அந்தக் குளம் அவர்களுக்கு மட்டுமே. வெளியார் பார்ப்பதற்குக் கட்டணச் சீட்டோடு ஒரு பார்வை மாடம். இவை இரண்டும் வேண்டாம், உட்கார்ந்து எதையாவது அருந்திக்கொண்டே பார்க்கலாம் என்பவர்களுக்கு ‘செ லா வி’ போன்ற மதுச்சாலை. பிரெஞ்சு மொழியில் ‘வாழ்க்கை அப்படித்தான்’ என்று அர்த்தம். பில் வரும்போது அந்தப் பெயரின் பொருத்தம் விளங்கும்!

புடவையில் போகலாமா என்று தயங்க வேண்டாம். தாராளமாகப் போகலாம். ஆண்கள்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இருட்டிய பிறகு அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாகப் போனால் வாசலிலேயே தடுக்கப்படலாம். என் தங்கையின் கணவர் அன்று கல்யாணத்துக்குப் போகிறவரைப் போல் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வந்தார். பட்டுப் புடவைக்கு இல்லாத கட்டுப்பாடு ஆண்களின் கால்களுக்கு இருப்பதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான்.

லிப்டில் ஏறினால் காது அடைத்துக்கொள்கிறது. எச்சிலை விழுங்குவதற்குள் கதவு திறக்கிறது. முதலில் முகத்தில் மோதுவது காற்று. அடுத்தபடி, ‘அடி அம்மா!’ என்று வாயைத் திறந்தபடியே நிற்கிறோம்.

கீழே ஊர் ஒரு கொலுப்படி மாதிரி அடுக்கியிருக்கிறது. ஒரு பக்கம் வங்கிக் கட்டடங்கள். ஆற்று முகத்தில் தண்ணீரைக் கொப்பளித்துக்கொண்டிருக்கும் சிங்கமீன் சிலை, இங்கிருந்து பார்த்தால் கொலு பொம்மை. பலாப்பழத் தோலைக் கவிழ்த்தாற்போல் முள் முள்ளாக இரண்டு மண்டபங்கள். அது எஸ்பிளனேட் நாடக அரங்கம். திரும்பி நின்றால் கடல். அதில் நங்கூரம் பாய்ச்சிய கப்பல்கள் எண்ணி மாளாது. வானம் தெளிவாக இருந்தால் அப்பால் இந்தோனேஷியாவின் தீவுகளும் தெரியும்.

கீழே தெரியும் விரிகுடாவும் இப்போது கடல் அல்ல. 2008-இல் வாயில் ஓர் அணையைக் கட்டி, கடல் நீரை வெளியே நிறுத்தி, அதைக் குடிநீர்த் தேக்கமாக மாற்றிவிட்டார்கள். பழவேற்காட்டில் கதை நேர் தலைகீழ். அங்கே முகத்துவாரத்தை மணல் மூடிக்கொண்டால் மீனவர் பாடு திண்டாட்டம். கடல் தண்ணீர் உள்ளே வந்தால்தான் ஏரியில் இறாலும் மீனும். ஓர் ஊருக்கு வாயை அடைத்தால் பிழைப்பு; மற்றோர் ஊருக்கு வாயைத் திறந்தால் பிழைப்பு!

ஒரு விதவையின் கைவண்ணம்

பரிசாரகர் வந்தார். என் தங்கையின் கணவர் ஒரு கிண்ணம் ஷாம்பேன் சொன்னார். தங்கையும் நானும் எலுமிச்சையும் புதினாவும் கலந்த ஒரு பானம் கேட்டோம். கேவலமாக யாரும் பார்க்கவில்லை. மது கலக்காத பானங்களுக்கே விலைப் பட்டியலில் தனி இடம் இருக்கிறது.

ஷாம்பேன் என்பது பிரான்ஸ் தேசத்தில் ஷாம்பேன் என்ற பிரதேசத்தின் பெயர். அங்கே விளைந்த திராட்சையில், அங்கே வகுத்த முறைப்படி செய்ததற்குத்தான் அந்தப் பெயர் செல்லும். நம் நாசிக்கிலும் அதே முறையில் நுரை மது செய்கிறார்கள். ஆனால் ஷாம்பேன் என்று சீட்டு ஒட்ட முடியாது. காஞ்சிபுரத்தில் நெய்யாததைக் காஞ்சிப் பட்டு என்று விற்கக் கூடாதல்லவா, அதே நியாயம்.

நுரை எப்படி வருகிறது? இட்லி மாவு இரவில் பொங்குகிற விதம் நமக்குத் தெரியும். திராட்சைச் சாறு ஒரு முறை புளித்து மதுவான பிறகு, அதைப் புட்டியில் ஊற்றி, கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து இறுக மூடிவிடுகிறார்கள். உள்ளே இன்னொரு முறை புளிக்கிறது. பொங்கிய வாயு வெளியே போக வழியில்லாமல் மதுவுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது. புட்டிக்குள் அழுத்தம், மோட்டார் காரின் டயரில் இருப்பதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. முற்காலத்தில் நிலவறைகளில் புட்டிகள் படார் படாரென்று வெடிக்குமாம். வேலையாட்கள் இரும்பு முகமூடி அணிந்துகொண்டு உள்ளே போவார்களாம்.

இதில் ஒரு தொல்லை. இரண்டாவது முறை புளித்ததும் அடியில் வண்டல் தங்கும். மது கலங்கல் ஆகிவிடும். அதைத் தெளிய வைக்க நல்ல வழி கண்டவர் யார் தெரியுமா? ஒரு விதவைப் பெண்மணி.

ரேம்ஸ் நகரத்தில் 1777-இல் பிறந்த பார்ப் நிக்கோல் அம்மையாருக்கு 27 வயது நடக்கையில், 1805-இல், கணவர் கிளிக்கோ காலமானார். கையில் ஒரு பெண் குழந்தை. அன்றைய பிரெஞ்சுச் சட்டத்தில், கணவனோடு வாழும் பெண் அவன் அனுமதியின்றித் தன் பெயரில் வியாபாரம் செய்ய முடியாது. விதவை செய்யலாம்! துயரம் திறந்துவிட்ட அந்த ஒரு கதவின் வழியாக அவர் நுழைந்தார். மாமனாரிடம் பேசி, கணவரின் மது வியாபாரத்தைத் தாமே ஏற்றார். நெப்போலியன் யுத்தங்களால் கப்பல் போக்குவரத்து முடங்கிய காலம் அது. 1814-இல் யுத்தத் தடைகள் தளர்ந்ததும், போட்டிக்காரர்களுக்கு முன்னால் ரஷ்யாவுக்குச் சரக்கை அனுப்பிவிட்டார்.

வண்டலுக்கு அவர் கண்ட வழி ரொம்பச் சாதாரணமானது. ஒரு மேஜையில் சாய்வாகத் துளைகளைப் போட்டு, புட்டிகளைத் தலைகீழாகச் செருகி, தினம் தினம் கொஞ்சம் திருப்பிவிட்டால், வண்டல் நழுவி நழுவிக் கழுத்துக்கு வந்துவிடும். மூடியைத் திறந்து அதை மட்டும் வெளியேற்றிவிடலாம். 1816 வாக்கில் அவருடைய நிலவறையில் தொடங்கிய அந்த முறை பிறகு எல்லாருக்கும் பொதுவாயிற்று. இன்றைக்கும் அந்தக் கம்பெனியின் புட்டிச் சீட்டில் ‘வெவ் கிளிக்கோ’ என்றுதான் இருக்கிறது. ‘வெவ்’ என்றால் விதவை என்று அர்த்தம்.

நல்ல காரியத்தில் முன்னே வரக் கூடாது என்று நம்மிடையே ஒதுக்கி வைத்த அந்தச் சொல்லை, உலகம் கல்யாணத்திலும் பிறந்த நாளிலும் நடு மேஜையில் வைத்துக் கொண்டாடுகிறது. சென்னைக் கடற்கரையிலும் இதற்கு ஒரு ஜோடிக் கதை உண்டு. துரைமார்களின் பானங்களைக் குளிர்விக்க அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக 1842-இல் கட்டியது ஐஸ் ஹவுஸ். குழந்தைப் பருவத்திலேயே கணவனை இழந்து, படித்து, 1911-இல் பட்டம் பெற்ற சகோதரி சுப்புலட்சுமி, பிற்பாடு அதே கட்டடத்தில்தான் இளம் விதவைகளை வைத்துப் படிக்க வைத்தார். அங்கே விதவை மதுவை ஆண்டார். இங்கே மதுவுக்காகக் கட்டிய வீட்டை விதவைகள் பள்ளிக்கூடமாக்கினார்கள்.

குடியின் பெருமை பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். ராஜாஜி 1937-இல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது வாழ்த்தியது பெண்கள்தாம். இன்றும் மதுக்கடை வாசலில் மறியல் செய்ய முதலில் வருகிறவர்களும் பெண்கள்தாம். கூலிப் பணம் கடையிலேயே தீர்ந்து போனால் வீட்டில் அடுப்பு எரியாது என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த உயரத்தில் கண்ணாடிக் கிண்ணத்தில் மின்னுவதும் அதே வஸ்துவின் தூரத்து உறவுதான். உடை மட்டும் உசத்தி.

நல்ல இடம் யாருக்கு?

கொஞ்ச நேரம் உட்கார்ந்ததும் ஒன்று புரிந்தது. அங்கே விற்பது ஷாம்பேன் அல்ல. அதே மது தரை மட்டத்துக் கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். விற்பது இடம். இப்படிப்பட்ட மாடிகளில் எங்குமே விளிம்போர மேஜைக்கு மவுசு அதிகம். முன்பதிவு வேண்டும், இவ்வளவுக்குக் குறையாமல் செலவு செய்ய வேண்டும் என்பார்கள். ஒரு கிண்ணத்தோடு முடித்துக்கொள்கிற நம் போன்றவர்கள் அடுத்த வரிசையில் நின்று, தலைகளின் இடுக்கு வழியாக ஊரைப் பார்க்கலாம்.

எனக்குப் பழவேற்காட்டின் ‘பாடு’ ஞாபகம் வந்தது. அந்த ஏரியில் நல்ல மீன் விழும் இடங்கள் சிலவே. அவற்றைப் பலம் உள்ளவன் பிடித்துக்கொள்ளாமல் இருக்க, சில கிராமங்களில் சீட்டுப் போட்டு முறை வைக்கிறார்கள். இன்றைக்கு இந்தக் குடும்பத்துக்கு இந்த இடம், நாளைக்கு வேறொருவருக்கு. அந்த முறையும் குறையற்றதல்ல. உரிமை உள்ள குடும்பங்களுக்குத்தான் சீட்டு, மற்றவர்களுக்கு இல்லை. ஆனாலும், நல்ல இடம் ஒரே ஆளுக்குச் சாசுவதம் அல்ல என்ற நினைப்பு அதில் இருக்கிறது. ஆகாயத்தில் நாற்காலி போடுகிறவர்களுக்கு அந்த நினைப்பு இன்னும் வரவில்லை.

சரி, பெரியம்மாவின் கேள்விக்கு வருவோம். அந்த உயரத்திலிருந்து ஏரி தெரியுமா?

பூமி உருண்டை. 200 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்குக் கடலின் விளிம்பு சுமார் 50 கிலோமீட்டரில் முடிந்துவிடும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே சுமார் 2,900 கிலோமீட்டர். ஆகவே தெரியாது.

ஆனால் அந்தக் கரையின் சுவடு அங்கே இல்லாமலும் இல்லை. மலாய்க்காரர்கள் இடுப்பில் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்கு ‘காயின் பெலெக்காட்’ என்று பெயர். பெலெக்காட் வேறு ஒன்றும் அல்ல, நம் பழவேற்காடுதான்! டச்சுக்காரர்கள் 1613-இல் பழவேற்காட்டில் கோட்டை கட்டி அமர்ந்ததும் இந்தத் துணி வியாபாரத்துக்காகத்தான். கோட்டை இடிந்தது, டச்சுக்காரர்கள் போனார்கள், ஊர்ப் பெயர் மட்டும் இன்றும் அங்கே உடுப்பில் இருக்கிறது.

மாடியிலிருந்து பார்த்தால் பச்சைப் புல்வெளிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை ஊசிக் கோபுரம் தெரியும். செயின்ட் ஆண்ட்ரூ தேவாலயம். 1850-களிலும் 60-களின் தொடக்கத்திலும் இந்தியாவிலிருந்து கொண்டுபோன கைதிகளின் உழைப்பில் எழுந்தது. சுவரின் வழவழப்புக்குக் காரணம் ‘மெட்ராஸ் சுண்ணாம்பு’: கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக் கரு, சர்க்கரை எல்லாம் சேர்த்து அரைத்த நம் ஊர்ப் பூச்சு. அதற்கும் முன்னால், 1819-இல் ராபிள்ஸ் துரையோடு பினாங்கிலிருந்து வந்து, இங்கே செங்கல் சூளை போட்டவர் நாராயண பிள்ளை என்ற தமிழர். சௌத் பிரிட்ஜ் ரோட்டு மாரியம்மன் கோயிலை நிறுவியவரும் அவரே. உயரமான கட்டடங்களின் நடுவே அந்தக் கோயில் கோபுரம் என் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. இருக்கும் திசையைத் தங்கை காட்டினாள்; கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அன்று செங்கல் சுட்டவர்கள் தமிழர்கள். இன்று அந்த ஊரில் சாரம் கட்டி, வெல்டிங் செய்து, இரும்பு வளைப்பவர்களில் எத்தனையோ பேர் தமிழ்நாட்டுக் கிராமத்துப் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோடுப் பக்கம் போனால் அவர்களைப் பார்க்கலாம். வீட்டுக்குப் பணம் அனுப்ப வரிசையில் நிற்பார்கள்; புல் தரையில் உட்கார்ந்து அம்மாவோடு கைப்பேசியில் பேசுவார்கள். ஊரை உயரமாகக் கட்டுகிறவர்கள். உயரத்திலிருந்து ஊரைப் பார்க்க நேரமும் காசும் இல்லாதவர்கள்.

பில் வந்தது. பட்டியலில் கண்ட விலையின் மேல் சேவைக் கட்டணம் நூற்றுக்குப் பத்து. அதற்கும் மேல் சரக்கு சேவை வரி நூற்றுக்கு ஒன்பது. என் தங்கை, “அக்கா, ஒரு மாசத்துக் காய்கறி!” என்று காதோடு சொன்னாள்.

போகலாமா, வேண்டாமா?

சிங்கப்பூர் போகிறவர்கள் ஒரு முறை போய்ப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். சூரியன் மறைவதற்கு அரை மணி முன்னால் போனால் பகலும் இரவும் ஒரே செலவில் கிடைக்கும். மழைக் குடை உதவாது; காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடும். தலைமுடியை இறுகப் பின்னிக்கொள்ளுங்கள். மதுவுக்குப் பதில் எலுமிச்சை ரசம் கேட்கக் கூச்சம் வேண்டாம். அடுத்த மேஜையில் இரண்டு சீனப் பாட்டிகள், எழுபது வயதுக்குக் குறையாது, ஆளுக்கொரு கிண்ணத்தை வைத்துக்கொண்டு ஊரைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் உயரமான இடத்தில் வேலையில்லாமல் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது எவ்வளவு அபூர்வமான காட்சி! நம் வீட்டு மொட்டை மாடியில்கூட நாம் வடாமைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறோம்?

சிங்கப்பூர் போக முடியாதவர்கள் மனம் தளர வேண்டாம். சென்னை மெரினாவில் கலங்கரை விளக்கம் இருக்கிறது. பல வருஷங்கள் மூடிக் கிடந்து, 2013-இல் பொதுமக்களுக்கு மறுபடி திறந்துவிட்டார்கள். லிப்டு உண்டு. சொற்பக் கட்டணம்தான். மேலே நின்றால் ஒரு பக்கம் வங்கக் கடல், மறு பக்கம் நாம் பிறந்து வளர்ந்து வாழ்க்கைப்பட்ட ஊர். கையில் ஒரு பொட்டலம் சுண்டல் போதும்.

காட்டூர்ப் பெரியம்மாவுக்கு என் தங்கை எடுத்த படங்களை அனுப்பியிருக்கிறேன். ஏரி தெரியாது என்றும் எழுதினேன். பதில் உடனே வந்தது, யாரோ பேரப் பிள்ளை தட்டச்சு செய்திருக்க வேண்டும்: “பரவாயில்லை கண்ணு. என் பிள்ளை இருக்கிற இடம் தெரிஞ்சுதா?”

தெரிந்தது, பெரியம்மா. அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் தெரிவது அவர்கள் கட்டிய ஊர்தான்.